முளைப்பாரி வீடே நம் கோடை முகாம்

போன மே மாதம், சின்னமனூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த கோடைப் பயிற்சி முகாமின் நிறைவு விழாவுக்கு என் அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். பத்து நாள் முகாம். என் மகள் கும்மி அணியில் இருந்தாள். பன்னிரண்டு பெண் பிள்ளைகள் ஒரே நிறத்தில் பாவாடை தாவணி கட்டி, மேடையில் வட்டம் போட்டுக் கொட்டினார்கள். பாட்டு ஒலிபெருக்கியில் ஓடியது. கைதட்டல் அடங்கியதும் அம்மா என் பக்கம் சாய்ந்து, "ஏண்டா, கும்மிய இப்படி நிமிந்து நின்னா கொட்டுவாக? குனிஞ்சு கொட்டி நிமிரணும்ல. பாட்ட எவளோ மைக்குல பாடுறா, இதுக வாய மூடிக்கிட்டுச் சுத்துதுக" என்றார்.

அம்மா சொன்ன இரண்டு குறையும் சரி. எங்கள் தெரு முளைப்பாரிக்கு இருபது வருடம் பாட்டு எடுத்துக் கொடுத்தவர் அவர். அவர் ஒரு வரி சொல்ல, மற்றப் பெண்கள் அதைத் திருப்பிச் சொல்லிக் கொட்டுவார்கள். இந்தப் பத்து நாளும் அவர் வீட்டுத் திண்ணையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். நான் காலையில் மகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு மதியம் போய்க் கூட்டி வந்தேன். முகாமுக்காரர்கள் அம்மாவை அழைக்கவில்லை. அழைக்கச் சொல்லலாமே என்று எனக்கும் தோன்றவில்லை. பாட்டு தெரிந்தவர் திண்ணையில், பாட்டு கற்க வேண்டியவள் ஒலிபெருக்கிக்கு முன்னால். நடுவில் இரண்டு கிலோமீட்டர். தேனி மாவட்டத்தில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் கலை கற்பிக்கும் கோடை முகாம்கள் பெரும்பாலும் இந்தத் தூரத்தை வைத்தே நடக்கின்றன.

அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்களையே எடுத்துக்கொள்வோம். கலை பண்பாட்டுத் துறையின் கீழ் மிகக் குறைந்த கட்டணத்தில் பாட்டு, பரதம், ஓவியம், கிராமிய நடனம் என்று சொல்லிக்கொடுக்கும் இந்த மன்றங்கள் இல்லாவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் சலங்கையையே தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். கோடை விடுமுறையில் சிறப்பு முகாமும் நடத்துகிறார்கள். சேரும் வயது 5 முதல் 16 வரை. பரதத்துக்கும் ஓவியத்துக்கும் இந்த எல்லை பொருந்தலாம். கும்மிக்கும் ஒயிலுக்கும் பறைக்கும் பொருந்தாது. வயதுவாரியாகப் பிரித்து உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த கலைகள் அல்ல இவை. குடும்பம் குடும்பமாக, தெருத் தெருவாக நின்று, பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டவை.

முளைப்பாரி போடும் வீட்டை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். நவதானியத்தை ஊற வைத்து, காய்ந்த எருவும் மண்ணும் நிரப்பிய சட்டிகளில் தூவி, வெயில் எட்டிப்பார்க்காத ஓர் அறையில் வைப்பார்கள். வேளை தவறாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெளிச்சம் படாததால் பயிர் பச்சை பிடிக்காமல் இளமஞ்சளாக நீண்டு வளரும். ஊருக்கு ஊர் கணக்கு மாறும். எட்டு நாளோ பத்து நாளோ, அத்தனை இரவும் அந்த வீட்டு முற்றத்தில் கும்மிதான். வயல் வேலை முடித்து, உலை வைத்து, சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிப் போட்டுவிட்டுப் பெண்கள் வந்து சேர எட்டு மணி ஆகும். எடுத்துக் கொடுக்கும் கிழவி, அவளுக்குப் பின்னால் மருமகள்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

முதல் இரவில் புதிதாக வந்த பெண்ணுக்குக் கால் சேராது. இடிப்பாள், சிரிப்பார்கள். மூன்றாம் இரவில் கால் சேர்ந்துவிடும், வாய் சேராது. ஆறாம் இரவில் பாட்டும் வந்துவிடும். கடைசி நாள் முளைப்பாரியைத் தலையில் சுமந்து ஊர்வலம் போய் முல்லையாற்றிலோ ஊர்க் கண்மாயிலோ கரைக்கும்போது, போன வருடம் இடித்தவள் இந்த வருடம் இன்னொருத்தியின் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுப்பாள். குடும்பமே சேர்ந்து பாட்டும் ஆட்டமும் பழகும் முகாம் என்று இன்று நாம் எதைத் தேடுகிறோமோ, அது முன்பே இங்கே இருந்தது. நாள் கணக்கு உண்டு, இடம் உண்டு, கற்பிப்பவர் உண்டு, நிறைவு விழாவும் உண்டு. பார்வையாளர் என்று தனியாக ஒருவரும் கிடையாது.

ஆண்கள் ஆடிய ஆட்டங்களும் இப்படித்தான். ஒயிலாட்டத்தில் வாத்தியார் முன்னால் நின்று பாட, கையில் துணியைப் பிடித்த வரிசை அவரைப் பார்த்துக் கால் மாற்றும். அனுபவக்காரர்கள் முன்வரிசை, விடலைகள் வால். வாலில் நிற்பவனுக்குத் தனிப்பாடம் எதுவுமில்லை. முன்னால் ஆடும் சித்தப்பனின் குதிகாலைப் பார்த்தே அவன் கற்றான். ராஜகம்பளத்தார் சமூகத்தின் தேவராட்டத்துக்குப் பாட்டே கிடையாது. தேவதுந்துமியின் தாளம் மட்டும்தான். சொல்லே இல்லாத ஓர் ஆட்டத்தைப் புத்தகத்திலிருந்தும் காணொளியிலிருந்தும் எப்படி முழுதாக எடுக்க முடியும்? கூட நின்று ஆடினால் ஒழிய, எந்த இடத்தில் தாளம் இறுகுகிறது, எந்த இடத்தில் உடம்பு தளர வேண்டும் என்பது பிடிபடாது.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு உலகுக்குக் கொடுத்த பெரிய இசையும் குடும்பத்துக்குள்ளிருந்து வந்ததுதான். பண்ணைப்புரத்து பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில், நம் மலைக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களிடையே அவர் பாடிப் பிரசாரம் செய்ததை இன்றும் பேசுகிறார்கள். தம்பிகளைச் சேர்த்து அவர் நடத்திய குழுவின் பெயர் 'பாவலர் பிரதர்ஸ்'. இளையராஜா பதினான்கு வயதில் அந்தக் குழுவில் சேர்ந்தவர். முறையாக இசை கற்கும் முன்பே ஆர்மோனியத்தோடு அண்ணன் பின்னால் ஊர் ஊராகச் சுற்றினார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது தமிழ்நாடு எதைக் கேட்டு அசந்து நின்றது? வயல்காட்டிலும் களத்திலும் பெண்கள் பாடியதன் சாயலைத்தானே. இளையராஜாவைப் பற்றிப் பெருமை பேசும் நாம், அவர் கற்ற முறையை மட்டும் மறந்துவிட்டோம். அண்ணன் பாட, தம்பி வாசிக்க, அம்மா வீட்டில் முணுமுணுக்க வளர்ந்த காது அது.

இப்போது பிள்ளைகளுக்கு மேடை கிடைக்காமல் இல்லை. 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா பெரிய காரியம். பறை அடிக்கும், கரகம் எடுக்கும், ஒயில் ஆடும் மாணவர்களை மாநில மேடை வரை அது கொண்டுபோகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் சில நிமிடத்துக்குள் ஆட்டத்தை அடைக்க வேண்டியிருக்கிறது. நேரம் குறைவு, சொல்லித்தர ஆள் இல்லை. ஆசிரியர் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டுகிறார், பிள்ளைகள் அப்படியே ஆடுகிறார்கள். அதே தெருவில் அதே ஆட்டத்தை ஆடிய ஒரு பெரியவர் திண்ணையில் இருப்பது பள்ளிக்கும் தெரிவதில்லை, அவர் பேரனுக்கும் தெரிவதில்லை.

இதில் எல்லோரும் மெல்லக் கடந்துபோகும் ஒரு விஷயம் உண்டு. அது சாதி. நான் மேலே சொன்ன முளைப்பாரி வீடு எங்கள் தெருப் பெண்களுக்கு மட்டுமான வீடு. அடுத்த தெருவுக்கு வேறு முளைப்பாரி, வேறு நாள், வேறு வட்டம். ஒயில் ஒரு தெருவுக்கு, தேவராட்டம் ஒரு சமூகத்துக்கு, பறையோ ஊருக்கு வெளியே என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கு. திருவிழாவுக்குப் பறை வேண்டும், சாவுக்குப் பறை வேண்டும்; அடிப்பவர் மட்டும் தள்ளி நிற்க வேண்டும் என்றிருந்த ஊர்கள் இவை. குடும்பத்துக்குள் கற்ற முறையை மெச்சும்போது, அந்தக் குடும்பத்தைச் சுற்றி எழுப்பியிருந்த சுவரையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பொய்யாகிவிடும்.

அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நம் பக்கத்துக் கலைஞர் ஒருவருக்குக் கிடைத்த அந்த மரியாதை எல்லோருக்கும் பெருமை. ஆனால் அந்தச் செய்தியைக் கொண்டாடிய வீட்டில் மகன் பறை பழகப் போகிறேன் என்றால் என்ன நடக்கும்? முகாமில் பிள்ளை ஆசையோடு பறையை எடுப்பான். வெறும் தோலும் வேம்புச் சட்டமுமான அந்தக் கருவியை வைக்கோல் தீயில் காய்ச்சி, சுண்டினால் கணீரென்று கேட்கும் பதத்துக்குக் கொண்டுவருவதைக் கண் விரியப் பார்ப்பான். இடது கையில் மெல்லிய சிண்டுக்குச்சி, வலது கையில் அடிக்குச்சி பிடித்து முதல் அடியைப் பழகுவான். மாலையில் வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் பெரியவர்கள் முகம் சுருங்கும். மறுநாள் அவன் வேறு வகுப்புக்கு மாறியிருப்பான். பிள்ளையை மட்டும் கூப்பிட்டு நடத்தும் முகாம்கள் தோற்கும் இடம் இதுதான். அப்பனும் அவன் பக்கத்தில் நின்று குச்சியைப் பிடித்து, அடி தவறி, ஆசானிடம் திருத்தம் வாங்கி, வியர்த்துப்போய் அவரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டிருந்தால், வீட்டில் அந்தப் பேச்சே எழாது. எழுந்தாலும் பதில் சொல்ல ஆள் இருக்கும். குடும்பத்தோடு முகாம் என்று நான் கேட்பதற்கு முதல் காரணம் கலை அழியாமல் இருப்பதல்ல, இதுதான்.

கோவையில் நிமிர்வு கலையகத்தார் போன்ற குழுக்களிடம் வேலைக்குப் போகும் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் ஒன்றாகப் பறை பழகுவதைப் பார்க்கலாம். கடல் கடந்தும் இது நடக்கிறது. வட அமெரிக்காவில் 1987-இல் தொடங்கிய தமிழ்ச் சங்கப் பேரவையின் விழா மேடைகளில் அப்பா, அம்மா, பிள்ளை என்று குடும்பமாகப் பறை அடிக்கிறார்கள். அங்கே அந்தக் கருவி தமிழின் அடையாளம், சாதியின் அடையாளமல்ல. நியூஜெர்சியில் சாத்தியமானது உத்தமபாளையத்தில் ஏன் சாத்தியமாகாது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இலங்கையின் மட்டக்களப்பில் கூத்து பழகும் முறையையும் சொல்ல வேண்டும். கூத்தைச் சொல்லித்தரும் அண்ணாவியார் ஒரு கூத்தைக் கையில் எடுத்தால் மாதக்கணக்கில் இரவுகள் தோறும் பழக்கம் நடக்கும். ஆடுபவர்கள் மட்டும் வருவதில்லை. அவர்கள் வீடே வந்து களரியைச் சுற்றி உட்காரும். சதங்கை அணியும் நாளும் அரங்கேற்றமும் ஊருக்கே விழா. அங்கே சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் சீலாமுனையில் நடத்திய 'கூத்து மீளுருவாக்கம்' இந்த வழக்கத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டே, கூத்தில் பெண்களைப் பற்றியும் சாதியைப் பற்றியும் வந்த பழைய கருத்துகளை ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசி மாற்றியது. கலையைக் காப்பது ஒரு வேலை, திருத்துவது இன்னொரு வேலை என்று அவர்கள் பிரிக்கவில்லை. நமக்கும் அந்த வழிதான் சரி.

தமிழுக்கு வெளியே ஓர் ஊரை மட்டும் சொல்கிறேன். அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் மில்டவுன் மால்பே என்று ஒரு சிற்றூர். அவ்வூரின் துருத்திக்குழல் கலைஞர் வில்லி கிளான்சி 1973 ஜனவரியில் இறந்தார். நண்பர்கள் சிலைக்கு நிதி திரட்டவில்லை; அந்த ஆண்டே அவர் பெயரில் ஒரு கோடைப் பள்ளி தொடங்கினார்கள். இன்றும் ஒவ்வொரு ஜூலையும் நடக்கிறது. பள்ளிக்கூடங்கள், மண்டபங்கள் என்று ஊர் முழுக்க வகுப்பு. தாத்தாவும் பேத்தியும் ஒரே வாரத்தில் ஒரே ஊரில் கற்கிறார்கள். மாலையில் மதுக்கூடங்களில் உட்கார்ந்து சேர்ந்து வாசிக்கிறார்கள். மக்கள்தொகையில் நம் சின்னமனூருக்கு அருகில்கூட வராத ஊர், ஐம்பது ஆண்டுகளாக இதை நடத்துகிறது.

இங்கே நடத்துவதில் ஒரு நிஜமான சிக்கல் உண்டு. மே மாதம் நம் கலைஞர்களுக்குப் பிழைப்பு மாதம். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் கோயில் பொங்கல் ஓயாது. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவின் எட்டு நாளும் தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுத்து வரும் கூட்டத்துக்கு முன்னால் மேளமும் உறுமியும் இரவு பகலாக ஒலிக்கும். நையாண்டி மேளச் செட்டுகளுக்கு வருடச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு இந்த மாதங்களில்தான். அப்போது ஒரு கலைஞரை, "சேவையாக வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்று கூப்பிட்டு, கடைசி நாளில் ஒரு பொன்னாடையும் சான்றிதழும் கொடுத்து அனுப்புவது அவருக்குச் செய்யும் அநியாயம். ஓர் இரவு ஆட்டத்துக்கு அவர் என்ன வாங்குவாரோ, அதை ஒரு நாள் பயிற்சிக்குக் கொடுக்க வேண்டும். முன்பணமும் கொடுக்க வேண்டும். பாட்டு வாத்தியாரம்மாவுக்கு மாதக் கட்டணத்தை ஒன்றாம் தேதியே கொடுத்துவிடும் குடும்பங்கள், உறுமிக்காரரிடம் மட்டும் பேரம் பேசுகின்றன. கும்மிக்கு எடுத்துக் கொடுக்கும் கிழவிகளுக்கும் இதே சம்பளம் உண்டு என்று எழுதி வைக்க வேண்டும். வீட்டுப் பெண்கள் பாடுவதற்குக் கூலியா என்ற கேள்விக்கு இனி இடம் இருக்கக் கூடாது.

நாள் குறிப்பது கடினமில்லை. வீரபாண்டித் திருவிழா பெரும்பாலும் மே மாத நடுவில் முடிந்துவிடும். பெரியாறு அணையில் தண்ணீர் போதுமான அளவு இருந்தால் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு ஜூன் முதல் வாரத்தில் முதல் போகத் தண்ணீர் திறப்பார்கள். திறந்துவிட்டால் நாற்றங்காலும் உழவுமாக ஒருவரையும் பிடிக்க முடியாது. பள்ளிக்கூடங்களும் அப்போதே திறந்துவிடும். ஆக, திருவிழா முடிவதற்கும் மதகு திறப்பதற்கும் நடுவே கிடைக்கும் இரண்டு வாரம்தான் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கொஞ்சம் கை ஓயும் காலம். திராட்சைத் தோட்டத்துக்கும், குமுளி வழியே ஏலக்காட்டுக்கும் விடியுமுன் ஜீப்பில் போகும் பெண்களுக்கு அந்த ஓய்வும் இல்லை. அவர்களுக்காக வகுப்பை மாலை ஆறு மணிக்கு மேல் வைக்க வேண்டும். முளைப்பாரிக் கும்மி இரவில் நடந்ததற்கும் அதுதானே காரணம்.

இடத்துக்கும் பஞ்சமில்லை. மே மாதத்தில் அரசுப் பள்ளிகள் பூட்டிக் கிடக்கின்றன. வேப்பமரமும் மைதானமும் தண்ணீர்க் குழாயும் உள்ள ஒரு பள்ளி போதும். முப்பது குடும்பம், எட்டு நாள், நான்கு கலை என்று தொடங்கலாம். சேரும் விதி ஒன்றே ஒன்று இருக்கட்டும்: ஒரு வீட்டிலிருந்து குறைந்தது இரண்டு தலைமுறை வர வேண்டும். பிள்ளையை மட்டும் அனுப்புவதற்கு இடமில்லை. அதிகாலை வெயில் ஏறும் முன் ஆட்டம். உச்சி வேளையில் வகுப்பறைக்குள் உட்கார்ந்து தாலாட்டு, தெம்மாங்கு, நடவுப் பாட்டு என்று வயதானவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வது. மாலையில் மறுபடி மைதானம். எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே பந்தி. லோயர்கேம்ப் பக்கம் பளியன்குடியில் வாழும் பளியர் மக்களையும் கூப்பிட வேண்டும். சித்ரா பௌர்ணமியன்று கண்ணகி கோயிலுக்கு அவர்கள் ஊர் வழியாகத்தான் மலை ஏறுகிறோம். ஏறி இறங்குகிறோமே தவிர, அவர்கள் பாட்டை ஒரு நாள் நின்று கேட்டதில்லை.

இதை அரசு மட்டும் செய்ய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அரசு செய்யக்கூடியது ஒன்று எளிதாக இருக்கிறது. சிறுவர் மன்றக் கோடை முகாமில் ஒரே ஒரு வாரத்துக்கு அந்த 16 வயது எல்லையை எடுத்துவிட வேண்டும். தனியாக நிதி ஒதுக்க வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம். 'பெற்றோரும் தாத்தா பாட்டியும் சேரலாம்' என்று விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பதிந்திருக்கும் நம் மாவட்டக் கலைஞர்களின் பட்டியல் அரசின் கையில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களிடம் கொடுத்தால், காணொளிக்குப் பதிலாக ஆளைத் தேடுவார்கள். ஊர்க் கமிட்டிகளும் இளைஞர் மன்றங்களும் திருவிழாவில் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கினாலே மிச்சச் செலவும் அடங்கிவிடும்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் இன்னும் சின்னது. இந்த வருடம் பிள்ளையை எந்த முகாமில் சேர்த்தாலும், ஒரே ஒரு நாள் வண்டியைத் திருப்பாமல் நிறுத்திவிட்டு உள்ளே போங்கள். கூடவே வீட்டுப் பெரியவரையும் கூட்டிப் போங்கள். நடத்துபவரிடம், "இவருக்குப் பாட்டு தெரியும், ஒரு மணி நேரம் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

நான் இந்த முறை கேட்டுவிட்டேன். சரி என்றார்கள். அம்மா தன் பழைய பாட்டு நோட்டைப் பரணிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். எழுத்து கண்ணுக்குத் தெரியாததால், தினம் இரவு என் மகள்தான் அதை வாசித்துக் காட்டுகிறாள்.